தன் இரத்தம் தனக்கு உதவுமா?

ஞாயிறு திருப்பலிக்கு வரும் மூத்தோரைச் சற்றே உற்று நோக்கினால், எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிட இயலாமல், இருக்கையில் அமர்ந்தவாறே தலைவணங்குவோர் ஒவ்வொரு பங்கிலும் பலர் இருப்பதைக் காணலாம். வயல் வரப்பிலும் மலைப் பாதையிலும் ஓடியாடி உழைத்த கால்கள் அவை. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உராயும்போது எழும் வேதனை பட்டவர்களுக்கே தெரியும். தைலமும் ஒத்தடமும் மாத்திரையும் பயனற்றுப் போன நிலையில் மருத்துவர் இறுதியாகக் காட்டும் வழியே மூட்டு மாற்று அறுவை சிகிச்சையாகும்.

அறுவை சிகிச்சை என்று முடிவானவுடன் வீட்டில் எழும் முதற்கவலை பணத்தைப் பற்றியது. அடுத்த கவலை இரத்தத்தைப் பற்றியது. "இரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று மருத்துவமனையில் கூறியதும் குடும்பத்தினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். "பிள்ளைகளின் இரத்தத்தையா எனக்கு ஏற்ற வேண்டும்?" என்று தாய் தயங்குகிறார். "முன்பின் அறியாதவர் இரத்தத்தால் நோய் தொற்றிக்கொள்ளாதா?" என்று தந்தை அஞ்சுகிறார். அவ்வேளையில் யாரேனும் ஒருவர், "அவரவர் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்து, அறுவையின்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாமாமே!" என்கிறார்.

அவ்வாறு ஒரு முறை இருப்பது உண்மையே. அது எல்லாருக்கும் நன்மை தருமா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி. மூட்டு வலியும் இரத்தசோகையும் ஒரே வீட்டில் குடியிருக்கும் தருமபுரி மாவட்டத்தில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு.

பழைய வழிமுறையே

ஒருவருடைய இரத்தத்தை அவருக்கே திரும்பச் செலுத்தும் எண்ணம் புதிதன்று. 1886 ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோவில் டங்கன் என்னும் அறுவை மருத்துவர், கால் துண்டிக்க நேர்ந்த நோயாளியின் உடலிலிருந்து வெளியேறிய இரத்தத்தைச் சேகரித்து அவருக்கே செலுத்தினார். 1901 இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை உலகுக்கு அறிவித்தார். ஒருவர் இரத்தம் மற்றொருவருக்கு ஏன் சில வேளைகளில் நஞ்சாகிறது என்பது அதன்பின்னரே விளங்கிற்று. 1921 இல் அமெரிக்காவில் கிராண்ட் என்னும் மருத்துவர், அரிய வகை இரத்தம் கொண்ட ஒரு நோயாளிக்கு மூளைக்கட்டி அறுவை செய்வதற்கு முன், அவருடைய இரத்தத்தையே எடுத்து வைத்துப் பயன்படுத்தினார். அறுவைக்கு முன் தனக்குத் தானே இரத்தம் சேமிக்கும் முறைக்கு முன்னோடியாக அந்நிகழ்ச்சியைக் கூறுவர்.

1937 இல் சிக்காகோ நகரில் ஃபேண்டஸ் என்னும் மருத்துவர் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் நிலையத்தைத் தொடங்கி, அதற்கு 'இரத்த வங்கி' என்னும் பெயரைச் சூட்டினார். 1962 இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டை வெற்றியுடன் பொருத்தினார். முழங்கால் மூட்டும் அதனைத் தொடர்ந்து வந்தது. நாள் குறித்துச் செய்யக்கூடிய அறுவையாகவும், இரத்தம் மிகுதியாகச் செலவாகும் அறுவையாகவும் அன்று இருந்தமையால், முன்கூட்டியே இரத்தம் சேமிக்கும் முறை மூட்டு மாற்றுக்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்பட்டது.

அச்சம் பிறந்த காலம்

எனினும் இம்முறை உலகெங்கும் பரவியது அச்சத்தால்தான். 1980 களில் எய்ட்ஸ் நோய் இரத்தத்தின் வழியாகவும் பரவுகிறது என்பது தெரிய வந்தபோது மேலைநாட்டு மக்கள் நடுங்கினர். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் 1983 இல் இதய அறுவையின்போது ஏற்றிக்கொண்ட இரத்தத்தால் அந்நோய்க்கு ஆளாகி 1993 இல் மறைந்தார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று சுடப்பட்டபோது அவருடைய உயிரைக் காத்தவற்றுள் பிறர் அளித்த இரத்தமும் ஒன்று. ஆனால் அதன்பின் சில வாரங்களில் சைட்டோமெகலோ என்னும் வைரசால் கடுங்காய்ச்சல் கண்டு, அவர் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஏற்றிய இரத்தத்தின் வழியே அக்கிருமி வந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். பிறர் இரத்தம் உயிர் காக்கும் என்பதற்கும், அது முற்றிலும் இடரற்றது அன்று என்பதற்கும் ஒரே வாழ்வில் சான்று அது. 1997 இல் தருமபுரி மறைமாவட்டத்தை நிறுவிய அத்திருத்தந்தை, 1994 இல் குளியலறையில் தவறி விழுந்து, இடுப்பு மூட்டில் செயற்கை உறுப்பு பொருத்தப் பெற்றவர் என்பதையும் நம்மில் பலர் அறிவர்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமியின் தடயம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986 இல், நம் சென்னையிலேதான். மருத்துவர் செல்லப்பன் நிர்மலா, தம் வழிகாட்டியான மருத்துவர் சுனிதி சாலமனின் தூண்டுதலால் சேகரித்த இரத்த மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1989 முதல் தானமாகப் பெறும் இரத்தம் அனைத்தையும் அக்கிருமிக்காகச் சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. காசுக்கு இரத்தம் விற்போரிடம் இரத்தம் பெறுவதை 1996 இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 1998 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. இன்று எச்.ஐ.வி., இருவகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பின்னரே இரத்தம் வழங்கப்படுகிறது.

இத்தனை காவல் இருந்தும் 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழகத்தையே உலுக்கிற்று. ஆகவே, மக்களின் அச்சத்தை அறியாமை என்று எள்ளி நகையாடுதல் முறையன்று. அச்சத்துக்கு மருந்தாக நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே கேள்வி.

எடுத்து வைப்பது எவ்வாறு?

அறுவைக்கு நான்கைந்து வாரங்களுக்கு முன்பே, மருத்துவரின் எழுத்துமூலமான பரிந்துரையுடன் நோயாளி இரத்த வங்கிக்குச் செல்ல வேண்டும். அங்கே அவருடைய எடை, இரத்த அழுத்தம், இதய நிலை ஆகியவற்றை ஆராய்வர். இரத்தத்திற்குச் செந்நிறம் தருவதும் உயிர்வளியைச் சுமப்பதுமான ஹீமோகுளோபின், 100 மி.லி. இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். பிறருக்கு அளிக்க விரும்புவோருக்கோ 12.5 கிராம் தேவை. வழக்கமாக வாரம் ஒருமுறை ஒரு பை எடுப்பர். கடைசிப் பை எடுத்தபின் அறுவைக்குக் குறைந்தது 72 மணி நேரம் இடைவெளி இருத்தல் வேண்டும்.

எடுத்த இரத்தம், நோயாளியின் பெயரும் எண்ணும் குறித்த தனிப் பையில், 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்கப்படும். சேர்க்கும் பாதுகாப்புக் கரைசலுக்கு ஏற்ப அது 35 அல்லது 42 நாள்கள்வரை கெடாதிருக்கும். அறுவையில் அது தேவைப்படவில்லையெனில் பிறருக்கு அளிக்காமல் அழித்துவிடுவதே முறை. காய்ச்சலோ சீழ்ப் புண்ணோ உள்ளவர், கடும் இதய நோயாளி, அடிக்கடி வலிப்பு வருபவர் ஆகியோரிடம் இவ்வாறு இரத்தம் எடுத்தல் ஆகாது.

கணக்குப் பார்ப்போம்

கேட்பதற்கு இம்முறை சிறந்ததாகவே தோன்றும். தன் பணத்தைத் தானே வங்கியில் போட்டுத் தானே எடுப்பதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஆயின் உடலின் கணக்கு வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 50 கிலோ எடையுள்ள 62 வயதுத் தாய் ஒருவர். அவருடைய ஹீமோகுளோபின் 12 கிராம். அவர் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். ஒரு பைக்கு 350 மி.லி. எடுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. உடல் நீரைச் சேர்த்து அளவைச் சரி செய்துகொள்ளும். ஆனால் ஹீமோகுளோபின் 11 கிராமுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். அடுத்த வாரம் இரண்டாவது பை எடுக்கலாமெனில் தகுதியே இராது.

இழந்ததை உடல் விரைவில் ஈடுசெய்யாதா எனலாம். ஒரு பை இரத்தத்தோடு ஏறத்தாழ 150 மில்லிகிராம் இரும்புச்சத்து வெளியேறுகிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏற்றுக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமே. அதுவும் பெரும்பாலும் அன்றாட இழப்பை ஈடுகட்டவே செலவாகிவிடும். உடலில் முன்னரே இரும்புச் சேமிப்பு இருந்தாலன்றி, மூன்று நான்கு வாரங்களில் புது இரத்தம் ஊறுவது அரிது. பைக்குள் இருக்கும் இரத்தமோ நாள்தோறும் முதுமையடைகிறது. அணுக்களில் ஒரு பகுதி திரும்ப ஏற்றுமுன்னரே அழிந்துவிடுகிறது. விதைத் தானியத்தை எடுத்துக் களி கிண்டி உண்டுவிட்டு, மழை வந்ததும் விதைக்க ஒன்றுமின்றி நிற்பதைப் போன்றது இது. 12 கிராமுடன் அறுவைக்குச் செல்ல வேண்டியவர் 11 கிராமுடன் செல்கிறார். அதனாலேயே இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை அவருக்கு எளிதில் வந்துவிடுகிறது.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதனையே காட்டின. முன்கூட்டித் தம் இரத்தத்தைச் சேமித்தவர்களுக்குப் பிறர் இரத்தம் தேவைப்படுவது குறைந்தது உண்மை. ஆனால் தம்முடையதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரத்தம் ஏற்றப்பெற்றவர்களின் எண்ணிக்கை கூடிற்று. சேமித்த பைகளில் ஏறத்தாழப் பாதி பயன்படாமலே அழிக்கப்பட்டது. பை மாறிவிடுதல், பைக்குள் கிருமி வளர்தல் ஆகிய இடர்கள் தன் இரத்தத்திலும் உண்டு. ஆகவே 1990 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்த இம்முறை பின்னர்ப் படிப்படியாகத் தளர்ந்துவிட்டது. இன்று மூட்டு மாற்றுக்கு வருவோர் அனைவருக்கும் இதனை மருத்துவ உலகம் பரிந்துரைப்பதில்லை.

சேமிப்புக் கிடங்கு உடலேயாம்

அதற்கு மாற்றாக இன்றைய மருத்துவம் மூன்றைக் கூறுகிறது. அறுவைக்கு முன் இரத்தசோகையைப் போக்குதல் முதலாவது. அறுவையின்போது இரத்தம் வீணாகாமல் காத்தல் இரண்டாவது. உண்மையான தேவையின்றி இரத்தம் ஏற்றாதிருத்தல் மூன்றாவது.

உறைந்த இரத்தம் விரைவில் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்து இவற்றுள் இரண்டாவதற்குப் பெருந்துணையாகும். ஜப்பான் நாட்டு ஒகாமோட்டோ தம்பதியர் 1962 இல் அறிவித்த மருந்து அது. மகப்பேற்றில் இரத்தப்போக்கால் மடியும் தாய்மாரைக் காக்க வேண்டும் என்பதே அவர்களது வேட்கையாக இருந்தது. இன்று அதுவே மூட்டு அறுவையிலும் இரத்த இழப்பைப் பெரிதும் குறைக்கிறது. போதிய ஹீமோகுளோபினுடன் ஒரு முழங்கால் மூட்டு மாற்றிக்கொள்வோரில் பெரும்பாலோருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை. அறுவைக்குப் பின்னும் ஹீமோகுளோபின் 8 கிராம் அளவுக்கு இறங்கினாலன்றி, வேறு துன்பமில்லாதவருக்கு மருத்துவர்கள் பொதுவாக இரத்தம் ஏற்றுவதில்லை.

ஆக, தன் இரத்தத்தைச் சேமித்து வைக்கச் சிறந்த இடம் குளிர்ப்பெட்டி அன்று, தன் உடலேயாம்.

நம் மாவட்டத்தில்

அவ்வுடலின் நிலை இங்கே எவ்வாறு உள்ளது? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இளமையிலேயே பாதிப் பேர் இந்நிலையில் இருப்பின், பல மக்களைப் பெற்றுக் களை எடுத்துக் கூலி வேலை செய்து முதுமை எய்திய தாய்மாரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தருமபுரிக்கு மற்றொரு துன்பமும் உண்டு. இம்மண்ணின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடு, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல ஊர்களில் கடந்து, பல்லைக் கறையாக்கி, எலும்பையும் தசைநார்களையும் இறுகச் செய்தது. எலும்பைத் தாக்கும் இந்நோய் இந்தியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்டதும் 1937 இல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013 இல் காவிரி நீர் வந்தது. எனினும் அதற்கு முன் பல்லாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரை அருந்தியோரின் மூட்டுகளில் படிந்தது எளிதில் நீங்குவதில்லை. வலிக்கும் மூட்டு அனைத்தும் மாற்ற வேண்டிய மூட்டு அன்று. வலிக்குக் காரணம் தேய்மானமா, புளோரைடா, வேறு வாதமா என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

இவ்விரு துன்பங்களையும் இணைக்கும் கண்ணி ஒன்று உண்டு. அதுவே வலி மாத்திரை. மூட்டு வலிக்காரர் பலர், மருத்துவரைக் காணாமல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குகின்றனர். அவை இரைப்பையைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக இரத்தத்தைக் கசியச் செய்கின்றன. மலம் கருநிறமாக வெளியேறினும் அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் உடலில் புகும் கொக்கிப்புழுவும் குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். இத்தகையோரிடம் மேலும் இரத்தம் எடுத்து வைப்பது, கசியும் குடத்தில் மற்றோர் ஓட்டை இடுவதற்கு ஒப்பாகும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

முதலாவதாக, அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். அறுவைக்கு முதல்நாள் அறிந்து பயனில்லை. குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் கையில் இருத்தல் நலம். பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைவெனில் அது இரத்தசோகையாகும்.

இரண்டாவதாக, இரத்தம் ஏன் குறைந்தது என்று காரணத்தை ஆராயுமாறு மருத்துவரை வேண்ட வேண்டும். எந்தெந்த மாத்திரை உட்கொள்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயத்துக்காக உட்கொள்ளும் இரத்தம் உறையாத மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது.

மூன்றாவதாக, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பது கண்டு அஞ்சி நிறுத்துவோர் உண்டு. அம்மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்டுத் தெளிக. மாத்திரை ஒவ்வாதவருக்கு ஊசி வழியாகவும் இரும்புச்சத்து செலுத்தலாம். கீரை, பயறு, இறைச்சி, ஈரல், முட்டை ஆகியவற்றை இயன்றவரை சேர்க்கலாம். உணவோடு தேநீரும் காப்பியும் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேராது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்த்தால் நன்கு சேரும்.

நான்காவதாக, தன் இரத்தத்தை எடுத்து வைக்கும் முறை தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். அது முற்றிலும் தள்ளத்தக்கது அன்று. 1952 இல் மருத்துவர் பெண்டேயும் அவருடைய துணைவர்களும் பம்பாயில் கண்டறிந்த 'பம்பாய் இரத்த வகை' உடையோருக்கு, அதே வகையினரின் இரத்தமன்றி வேறு எதுவும் சேராது. முன்பு ஏற்றிய இரத்தத்தால் எதிர்ப்பொருள்கள் உண்டாகி, பொருந்தும் இரத்தம் கிடைக்காமல் தவிப்போரும் உளர். இத்தகையோருக்கு இம்முறை இன்றும் அருமருந்தே.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. கடன் வாங்குமுன் அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்தல் நன்று.

கொடுக்கும் நெஞ்சம்

இவையனைத்தும் செய்தபின்னும் சிலருக்கு இரத்தம் ஏற்றத்தான் வேண்டும். இரு முழங்கால்களையும் ஒருங்கே மாற்றுவோர், ஒரு முறை பொருத்திய மூட்டை மீண்டும் மாற்றுவோர், விபத்தில் இடுப்பு முறிந்து வருவோர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். திடீரென விபத்துக்கு ஆளானவரோ, மகப்பேற்றில் இரத்தப்போக்குக் கண்ட தாயோ முன்கூட்டிச் சேமித்திருக்க இயலாது. அவர்களுக்குத் துணை பிறர் இரத்தமே.

பாதுகாப்பான இரத்தம் யாருடையது? நெருக்கடியில் உறவினரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, தம் நோயை வெளியில் சொல்ல நாணி ஊசிக்குக் கை நீட்டுபவருடையது அன்று. யாரும் கேளாமலே, ஆண்டுதோறும் மனமுவந்து அளித்து, ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படும் நல்லவருடையதே. 18 முதல் 65 வயதுக்கு உட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, உடல்நலம் வாய்ந்த எவரும் இரத்தம் அளிக்கலாம். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் அளிக்கலாம். இரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்னும் வகைகள் உண்டேயன்றி, மேல்குலம் கீழ்க்குலம் என்ற வகைகள் இல்லை. "எந்தச் சாதிக்காரர் இரத்தமோ" என்று தயங்குவோர் எந்த மருத்துவ நூலிலும் தம் ஐயத்துக்கு ஆதாரம் காண மாட்டார்.

நம் அன்பியங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபைகளிலும் இளைஞர் மன்றங்களிலும் குடும்பந்தோறும் இரத்த வகையைக் குறித்துவைக்கும் ஏடு ஒன்று இருந்தால், நள்ளிரவில் ஆள் தேடி அலைய வேண்டிய நிலை வராது. அக்டோபர் முதல் நாள் நம் நாட்டில் தன்னார்வ இரத்ததான நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளையொட்டிய ஞாயிறு, மூத்தோருக்கு ஹீமோகுளோபின் சோதனையும் இளையோரின் இரத்ததானமும் பங்கு வளாகத்தில் ஒருங்கே நடைபெற ஏற்ற நாளாகும்.

தருமபுரி அன்று தகடூர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தானே உண்டு நெடுநாள் வாழ எண்ணாமல், முதியவளாகிய ஔவைக்கு ஈந்தான் அதியமான் ஆண்ட ஊர் இது. முதியோர் தம் இரத்தத்தைத் தம் உடலிலேயே வளமுறச் செய்து அறுவைக்குச் செல்லட்டும். இளையோர் தம் நலத்தின் நிறைவிலிருந்து பிறருக்கு ஈயட்டும். அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட மூத்தவர் நம் வீட்டில் ஒருவர் இருப்பின், இவ்வாரமே அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோமாக. நலமுடைய நாம் அவ்வழியே இரத்த வங்கியின் வாயிலையும் மிதித்து வருவோமாக.